நினைவுகூர்தலும் மூளையின் வேதியியலும்

(ஆட்சிப் பணிப் பயிற்சியாளர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மனித நினைவைப் பற்றிப் பேசுவோர் இரண்டு உவமைகளைக் கையாள்வது வழக்கம். ஒன்று பசுமரத்தில் அறைந்த ஆணி. மற்றொன்று கல்லில் பொறித்த எழுத்து. ஆழப் பதிந்தது காலப்போக்கில் மங்கலாம். ஆனால் திரிந்து போவதில்லை என்பதே இவ்விரண்டின் உட்கருத்து. நீதிமன்றத்தில் சாட்சி கூறுவோரையும், தேர்வு எழுதும் மாணவரையும், நிவாரண முகாமில் தம் இழப்புகளைப் பட்டியலிடும் குடும்பத் தலைவரையும் சமுதாயம் இந்த நம்பிக்கையின் அடிப்படையிலேயே நடத்தி வருகிறது.

1968-ஆம் ஆண்டில் தொடங்கி, 2000-ஆம் ஆண்டிற்குப் பின் விரைந்து வளர்ந்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையைத் திருத்தியுள்ளன. நன்கு பதிந்துவிட்ட நினைவும், மீண்டும் நினைவுகூரப்படும்போது, தக்க சூழ்நிலையில், சில மணி நேரத்திற்குத் தளர்வுற்ற நிலையை அடைகிறது. மூளையில் நிகழும் வேதிவினைகளின் துணையால் அது மறுபடியும் இறுக வேண்டியிருக்கிறது. இவ்வாறு மீண்டும் இறுகுதலை மறு உறுதியாக்கம் என்பர். அந்த இடைவேளையில் நினைவு வலுப்பெறலாம், வலுவிழக்கலாம், அல்லது புதிய செய்தியோடு கலந்துவிடலாம். ஆகவே கல்வெட்டைவிட ஏட்டுச்சுவடியே நினைவுக்குப் பொருத்தமான உவமை எனலாம். சுவடி பெயர்த்தெழுதப்படும்போது பாடபேதம் புகுகிறது. பழைய ஏடு மறைந்தபின் எஞ்சுவது புதிய படி மட்டுமே.

இந்த அறிவியல் உண்மை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. மக்களை நினைவுகூரச் செய்வதைத் தம் அன்றாட அலுவலாகக் கொண்ட ஒவ்வோர் அதிகாரிக்கும் இதில் பங்குண்டு.

நினைவு முதலில் உறுதிப்படும் முறை

நினைவை அளந்தறியும் முயற்சியை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் 1885-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் தொடங்கி வைத்தது. 1900-ஆம் ஆண்டில் ம்யூல்லர், பில்ஸெக்கர் என்னும் இருவர், கற்ற செய்தி உடனே நிலைபெறுவதில்லை, அது உறுதிப்படச் சிறிது காலம் தேவைப்படுகிறது என்னும் கருத்தை வெளியிட்டனர்.

1953-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நடைபெற்ற ஓர் அறுவை மருத்துவம் இக்கருத்திற்கு வலுவூட்டியது. கடுமையான வலிப்பு நோயால் துன்புற்ற இளைஞர் ஒருவரின் மூளையில், ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகம் இருபுறமும் அகற்றப்பட்டது. அதன்பின் அன்றாட நிகழ்ச்சிகள் எவையும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் அவருடைய இளமைக்கால நினைவுகள் பல அழியாமல் இருந்தன. புதிய நினைவே நொய்ம்மையானது, பழைய நினைவு உறுதியானது என்ற முடிவுக்கு அறிவியல் உலகம் வந்தது.

உறுதிப்படுதல் என்பது உண்மையில் வேதியியல் நிகழ்ச்சியாகும். ஒரு நரம்பணு மற்றொன்றோடு தொடர்பு கொள்ளும் சந்திப்பில் குளூட்டமேட் என்னும் பொருள் சுரக்கிறது. பெறும் அணுவின் புறத்தோலில் இப்பொருளை ஏற்கும் ஏற்பிகள் பலவகை. அவற்றுள் என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பி இரட்டைப் பூட்டுப் போன்றது. குளூட்டமேட் வந்து சேர்வதோடு, பெறும் அணுவும் அதே வேளையில் கிளர்ச்சியுற்றிருந்தால்தான் அது முழுமையாகத் திறக்கும். திறந்ததும் கால்சியம் உட்புகுகிறது. அதன் விளைவாக நொதிகள் தூண்டப்பெறுகின்றன. அணுவின் கருவிலுள்ள மரபணுக்கள் இயங்குகின்றன. புதிய புரதங்கள் உண்டாகின்றன. இப்புரதங்களே சந்திப்பை வலுப்படுத்தி, சில நிமிடங்களுக்குரிய நினைவைப் பல ஆண்டுகளுக்குரியதாக மாற்றுகின்றன. கடல்வாழ் நத்தை இனமொன்றில் இத்தொடர் நிகழ்ச்சியை ஆராய்ந்து விளக்கிய எரிக் கேண்டல் 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

புரதத்தின் பங்கு 1960-களிலேயே புலப்பட்டது. பொன்மீன்களுக்குப் பயிற்சி அளித்தவுடன், புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, அவை கற்றதை மறந்தன. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழிந்தபின் அதே மருந்தைச் செலுத்தியபோது நினைவு கெடவில்லை. பதிவுக்குரிய காலம் கடந்தால் நினைவு பாதுகாப்பாகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளப்பட்டது.

உணர்ச்சியின் பங்கையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். அச்சம் தரும் நிகழ்ச்சியின்போது மூளையில் நார்அட்ரினலின் மிகுதியாகச் சுரக்கிறது. அது பீட்டா ஏற்பிகளின் வழியாக, அமிக்டலா என்னும் பாதாம்பருப்பு வடிவப் பகுதியில் செயற்பட்டு, நினைவின் பதிவை ஆழமாக்குகிறது. 1994-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பீட்டா ஏற்பிகளை அடைக்கும் புரோப்ரனலால் மருந்தை உட்கொண்டவர்கள், ஒரு கதையின் சாதாரணப் பகுதிகளைப் பிறரைப் போலவே நினைவில் கொண்டிருந்தனர். உணர்ச்சியைத் தூண்டும் பகுதி அவர்களுக்கு மட்டும் தனிச்சிறப்புடன் பதியவில்லை.

கேட்பாரற்றுப் போன ஒரு சோதனை

பழைய நினைவு உறுதியானது என்ற கொள்கைக்கு முதல் அறைகூவல் 1968-ஆம் ஆண்டில் எழுந்தது. மிஸானின், மில்லர், லூயிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஓர் ஒலியை எழுப்பி, அதனோடு மின்னதிர்ச்சி தந்து, அவ்வொலிக்கு அஞ்சுமாறு பழக்கினர். மறுநாள் அதே ஒலியை மீண்டும் எழுப்பிய உடனேயே, மூளையில் வலிப்பை உண்டாக்கும் மின்னோட்டத்தைச் செலுத்தினர். எலிகள் அச்சத்தை மறந்தன. ஒலியை எழுப்பாமல் மின்னோட்டம் மட்டும் பெற்ற எலிகளிடம் அச்சம் குறையவில்லை. ஒரு நாள் பழகிய நினைவையும், அது விழித்திருக்கும் வேளையில் குலைக்க இயலும் என்பது இதனால் பெறப்பட்டது.

எனினும் இம்முடிவு நடைமுறையிலிருந்த கொள்கைக்கு ஒத்துவரவில்லை. வேறு சிலர் மேற்கொண்ட சோதனைகளிலும் அதே விளைவு கிட்டவில்லை. ஆகவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இத்துறை பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1990-களின் இறுதியில் பிரான்சு நாட்டில் சூசன் சாராவும் அவருடன் பணியாற்றியவர்களும், நினைவூட்டிய பின் தரப்படும் மருந்துகள் எலிகளின் பழைய நினைவைப் பாதிப்பதைக் கண்டறிந்து, வினாவை மறுபடியும் எழுப்பினர்.

2000-ஆம் ஆண்டின் திருப்பம்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், கிளென் ஷேஃப், ஜோசப் லடூ ஆகிய மூவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் போக்கையே மாற்றியது. அவர்களும் எலிகளை ஓர் ஒலிக்கு அஞ்சுமாறு பழக்கினர். நினைவு உறுதிப்பட்ட பின், ஒருமுறை மட்டும் அவ்வொலியை எழுப்பி, அமிக்டலாவில் அனிசோமைசின் என்னும் மருந்தைச் செலுத்தினர். இது புரதம் உண்டாவதைத் தடுப்பது. மறுநாள் சோதித்தபோது அச்சம் பெரிதும் குன்றியிருந்தது.

இச்சோதனையின் சிறப்பு அதன் ஒப்புநோக்கு முறையில் உள்ளது. ஒலியை எழுப்பாமல் மருந்து மட்டும் செலுத்தியபோது நினைவு சிதையவில்லை. ஒலியை எழுப்பி ஆறு மணி நேரம் கழித்து மருந்து தந்தபோதும் சிதையவில்லை. பயிற்சி அளித்துப் பதினான்கு நாட்கள் கடந்த நினைவும், ஒலியைக் கேட்டபின் உடனே மருந்து தந்தபோது சிதைந்தது. எனவே மருந்து மட்டும் நினைவை அழிக்கவில்லை. நினைவுகூர்தல் மட்டும் அழிக்கவில்லை. நினைவுகூர்ந்ததால் தளர்ந்த நினைவு மீண்டும் இறுகுவதற்குப் புதிய புரதம் தேவைப்பட்டது. அது கிடைக்காமையால் நினைவு குலைந்தது.

தளர்வதும் இறுகுவதும்

இதனைத் தொடர்ந்த ஆய்வுகள், மறு உறுதியாக்கத்தில் இரண்டு படிகள் இருப்பதையும், இரண்டிற்கும் வேதியியல் தனித்தனியாக இருப்பதையும் காட்டின.

முதற்படி தளர்தல். இது தானே நேரும் தேய்வன்று. மூளை வேண்டுமென்றே மேற்கொள்ளும் பணியாகும். என்.எம்.டி.ஏ. ஏற்பிகளின் ஒரு வகை இதற்கு வாயிலாக அமைகிறது. மான்ட்ரியாலில் நடைபெற்று 2006-ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், நினைவூட்டுவதற்கு முன்பே இவ்வாயிலை மருந்தினால் அடைத்தபோது, பின்னர் செலுத்திய அனிசோமைசின் பயனற்றுப் போயிற்று. பூட்டிய பெட்டியைத் திறக்காத நிலையில் உள்ளே இருப்பதைக் கலைக்க இயலாதன்றோ? 2008-ஆம் ஆண்டில் தென்கொரிய ஆய்வாளர்கள் மேலும் ஒரு செய்தியைக் கண்டனர். தேவையற்ற புரதங்களைச் சிதைத்து அகற்றும் அமைப்பு ஒன்று எல்லா உயிரணுக்களிலும் உண்டு. நினைவுகூரும் வேளையில் அது நரம்புச் சந்திப்பின் புரதங்களைச் சிதைக்கிறது. இச்சிதைவைத் தடுத்தால் நினைவு தளர்வதில்லை. அனிசோமைசினாலும் அதற்குக் கேடில்லை.

இரண்டாம் படி இறுகுதல். இங்குப் புதிய புரதங்கள் தேவை. நார்அட்ரினலின், பீட்டா ஏற்பிகளைத் தூண்டி, அணுவினுள் இப்பணிக்குரிய நொதிகளை முடுக்கிவிடுகிறது. முதன்முறை பதிவதும் மறுமுறை இறுகுவதும் ஒரே செயலின் இரு நிகழ்வுகள் என்று கருதுவதற்கில்லை. 2004-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹிப்போகாம்பஸில் இவ்விரண்டையும் ஒப்பிட்டனர். முதற்பதிவுக்கு பி.டி.என்.எஃப். என்னும் புரதம் இன்றியமையாததாகவும், மறு உறுதியாக்கத்திற்கு ஸிஃப்268 என்னும் மற்றொன்று இன்றியமையாததாகவும் இருப்பதைக் கண்டனர்.

எப்போது திறக்கிறது?

நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் நினைவு தளர்வதில்லை. தினமும் செல்லும் வழியை நினைக்கும்போதெல்லாம் அது குலையுமாயின் வாழ்க்கை நடவாது. எதிர்பார்த்ததற்கும் நேர்ந்ததற்கும் வேறுபாடு காணும்போதே மூளை பழைய பதிவைத் திறப்பதாகத் தெரிகிறது. அர்ஜென்டினாவில் நண்டுகளைக் கொண்டு நடத்தி 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. இவ்வேறுபாட்டை அறிவிப்பதில் டோபமின் என்னும் வேதிப்பொருளுக்குப் பங்குண்டு என்பதற்கும் சான்றுகள் உள்ளன.

இயற்கையின் நோக்கம் இதிலிருந்து விளங்கும். பழைய அறிவைப் புதிய செய்திக்கேற்பத் திருத்திக்கொள்வதற்கு அமைந்த ஏற்பாடே இது. மாறாத நினைவு மாறும் உலகில் பயன்தராது.

வேறு வரம்புகளும் உள்ளன. மிகப் பழைய, மிக வலுவான நினைவுகள் எளிதில் திறப்பதில்லை. சுருக்கமாக நினைவூட்டினால் பழைய நினைவு தளர்கிறது. நெடுநேரம் நினைவூட்டினாலோ, அச்சத்திற்குக் காரணமில்லை என்னும் புதிய பாடம் தனியே பதிகிறது. பழைய அச்சம் அதன் அடியில் மறைந்து கிடந்து, மற்றொரு நாள் தலைதூக்கலாம்.

மருத்துவம் தரும் நம்பிக்கை

பேரிடர், விபத்து, வன்முறை ஆகியவற்றிற்கு ஆளானோரில் ஒரு பகுதியினர், நிகழ்ச்சி முடிந்து பல ஆண்டுகள் ஆனபின்னும், அது அன்றே நிகழ்வது போல் துன்புறுகின்றனர். இவர்களுக்கு மறு உறுதியாக்கம் உதவுமா என்பது இன்றைய வினா.

அனிசோமைசின் நச்சுத்தன்மை உடையது. இந்நோக்கத்திற்கு மனிதர்க்குத் தரத்தக்கதன்று. ஆனால் புரோப்ரனலால் பல ஆண்டுகளாக இதய நோய்க்கும் ஒற்றைத் தலைவலிக்கும் வழங்கப்பட்டு வருவது. இம்மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் மெரல் கிண்ட்டும் அவர் குழுவினரும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சிலந்திப் படத்தைக் கண்டால் அஞ்சுமாறு முதல் நாள் பழக்கப்பட்டவர்களுக்கு, மறுநாள் அதை நினைவூட்டுவதற்கு முன் 40 மில்லிகிராம் புரோப்ரனலால் தரப்பட்டது. மூன்றாம் நாள் அவர்கள் உடலில் அச்சத்தின் அறிகுறி தோன்றவில்லை. ஆயினும் அப்படத்தை அடுத்து மின்னதிர்ச்சி வரும் என்பதை அவர்கள் மறக்கவில்லை. செய்தி நின்றது, அச்சம் நீங்கியது. இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

கனடாவில் அலென் ப்ரூனே தலைமையில் அறுபது நோயாளிகளைக் கொண்டு நடைபெற்ற சோதனையின் முடிவுகள் 2018-ஆம் ஆண்டில் வெளியாயின. வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்கள், மருந்து உட்கொண்டபின் நோயாளிகள் தம் துன்ப அனுபவத்தைச் சுருக்கமாக நினைவுகூர்ந்தனர். மருந்தென்ற பெயரில் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட இவர்களிடம் நோய்க்குறிகள் மிகுதியாகக் குறைந்தன.

இதனைக் கொண்டு பெரிய முடிவுகளுக்குத் தாவுதல் கூடாது. வேறு ஆய்வுக்கூடங்கள் சில இத்தகைய விளைவுகளை மீண்டும் பெற முயன்று தோல்வி கண்டுள்ளன. நினைவு திறந்துள்ளதா என்பதை மனிதரிடத்தில் நேரடியாக அறிய வழியில்லாமை இத்துறையின் பெருங்குறையாகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இம்மருந்து ஆபத்தானது. மருத்துவர் துணையின்றி எவரும் உட்கொள்ளத் தக்கதன்று.

பொருளாதார நோக்கிலும் ஒன்று கூறல் வேண்டும். காப்புரிமைக் காலம் கடந்து, மலிவாகக் கிடைக்கும் ஒரு மருந்திற்குப் புதிய பயனைக் கண்டறிய, தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கம் குறைவு. இலாபம் குறைவாகவும் சமுதாய நலன் மிகுதியாகவும் உள்ள இத்தகைய ஆய்வே பொதுப் பணத்திற்கு உரியது. 1982-ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டத்தையும், 1996-ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டத்தையும் தொடங்கிய நாட்டிற்கு இது புறம்பான பணி ஆகாது.

சாட்சியின் நினைவு

நினைவு திருந்தும் இயல்புடையதாயின், தவறாகவும் திருந்தக்கூடும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ஆம் ஆண்டில் கார் விபத்துப் படமொன்றைச் சிலருக்குக் காட்டினர். கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரையும், ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று வேறு சிலரையும் வினவினர். முதல் வகையினர் மிகுதியான வேகத்தைக் கூறினர். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகக் கூறியவர்களும் அவர்களிடையே மிகுதியாக இருந்தனர். வினாவிலிருந்த ஒரு சொல் விடையில் கலந்துவிட்டது.

2007-ஆம் ஆண்டில் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இதனை மறு உறுதியாக்கத்தோடு இணைத்தது. முதல் அமர்வில் சில பொருட்களின் பட்டியலைக் கற்றவர்கள், இரண்டாம் அமர்வில் வேறொரு பட்டியலைக் கற்றனர். அதற்குமுன் முதல் அமர்வை நினைவூட்டப் பெற்றவர்கள் மட்டும், பின்னர் முதற்பட்டியலைக் கூறும்போது இரண்டாம் பட்டியலின் பொருட்களை அதில் கலந்து கூறினர். நினைவூட்டப் பெறாதவர்களிடம் இக்கலப்பு அரிதாகவே காணப்பட்டது. இவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. நேர்மையான சாட்சியும் தவறக்கூடும். தம் தவற்றை உறுதியாக நம்பவும் கூடும்.

ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வகுத்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில், இந்த வேதியியல் அறியப்படாத காலத்திலேயே, இதற்கேற்ற விதிகள் இருந்தன. நிகழ்ச்சியின்போதோ, நினைவு பசுமையாக இருந்த காலத்திலோ தாம் எழுதிய குறிப்பைப் பார்த்துச் சாட்சி தம் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். விடையைக் குறிப்பால் உணர்த்தும் வினாக்கள் முதல் விசாரணையில் பொதுவாக அனுமதிக்கப்படவில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் இவ்விரு விதிகளையும் தொடர்ந்து கொண்டுள்ளது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் முன்னேறிச் செல்கிறது. சிறப்பு நீதிமன்றம் குற்றத்தைக் கவனத்திற்கு எடுத்துக்கொண்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாதல் வேண்டும். குழந்தையை அடிக்கடி அழைத்தல் கூடாது. வழக்குரைஞரின் வினாக்கள் நீதிபதியின் வாயிலாகவே கேட்கப்படல் வேண்டும். இவை இரக்கத்தால் மட்டும் எழுந்த விதிகள் எனக் கருதுவது பிழை. நினைவின் தூய்மையையும் இவை காக்கின்றன.

நிர்வாகத்திற்குரிய பாடம்

காவல் நிலையத்தில் ஒருமுறை, மருத்துவமனையில் ஒருமுறை, வருவாய்த் துறையில் ஒருமுறை, செய்தியாளர் முன் பலமுறை என்று ஒரே துயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்வது, பாதிக்கப்பட்ட எளிய குடும்பங்களுக்குப் புதிய அனுபவமன்று. ஒவ்வொரு முறையும் நினைவு திறக்க வாய்ப்புண்டு. கேட்பவரின் சொல் அதில் கலக்கலாம். அச்சத்தின் வேதியியல் அதனை மேலும் ஆழமாக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பேரிடருக்கு ஆளானோரைத் தம் கதையைக் கூறுமாறு வற்புறுத்தலாகாது என்று அறிவுறுத்துகிறது. நிவாரணப் பணியில் இருப்போர் இதனை மனத்திற்கொள்வது நன்று.

மாணவர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. படித்ததை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்த்தல், மீண்டும் மீண்டும் படிப்பதைவிட அறிவை நிலைபெறச் செய்யும் என்பதை 2006-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நினைவுகூர்ந்த உடனே நூலோடு ஒப்பிட்டுத் தவற்றைத் திருத்திக்கொள்வது அதன் இன்றியமையாத மறுபாதி.

ஒரு வினா எஞ்சுகிறது. துன்பத்திற்கு ஆளானவரின் நினைவிலிருந்து அச்சத்தை நீக்கும் சிகிச்சை வெற்றி பெறுமாயின், அவர் சாட்சியம் பலவீனமடையாதா? வழக்கு முடியும் வரை அவர் சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டுமா? ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் அச்சம் நீங்கியும் செய்தி நின்றது ஆறுதல் அளிக்கிறது. எனினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது. விரைவாகவும், ஒரே முறையாகவும், விடையைத் திணிக்காத வினாக்களாலும், ஒலி-ஒளிப் பதிவோடும் வாக்குமூலம் பெறப்படுமாயின், அதன்பின் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டிய காரணம் பெரிதும் நீங்கிவிடும். பதிவு தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் நீதிக்கும் இழப்பு, நோயாளிக்கும் இழப்பு.

இதற்குப் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஓர் அலுவலர், ஓர் அமைதியான அறை, குறித்த காலத்தில் முடியும் ஒரு பதிவு ஆகியவை போதும். இவை மூன்றும் நிர்வாகத்தின் ஆற்றலுக்கு உட்பட்டவையே.